எல்லைக்கோடும் வழித்தடமும்: காப்பகங்கள் எங்கே தோற்கின்றன?

1872இல் யெல்லோஸ்டோனைத் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது அமெரிக்க நாடாளுமன்றம் வரைபடத்தில் இழுத்தது பெரும்பாலும் நேர்கோடுகளைத்தான். வெந்நீர் ஊற்றுகளும் அருவிகளும் கோட்டுக்குள் வந்துவிட்டன. அவற்றைக் காக்கத்தானே பூங்கா! பனிக்காலத்தில் எல்க் மான்கள் எங்கே இறங்கி மேயும் என்ற கேள்வி அன்று எழவே இல்லை. பீடபூமியைப் பனி மூடியதும் பல மந்தைகள் கோட்டைத் தாண்டித் தாழ்நிலங்களுக்குப் போயின. அங்கே பண்ணைகளும் வேலிகளும் துப்பாக்கிகளும் இருந்தன. பின்னாளில் எல்லையைத் திருத்தியபோதும் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. அந்த மந்தைகள் இன்றும் பனிக்காலத்தில் பூங்காவை விட்டு வெளியே போய்த்தான் பிழைக்கின்றன.

இதை ஒரு பூங்காவின் தனிக்குறை என்று ஒதுக்கிவிட முடியாது. உலகக் காப்பகங்களை வரைபடத்தில் பார்த்தால், உயரமான, செங்குத்தான, ஊர்களுக்கும் சாலைகளுக்கும் தொலைவான, உழவுக்கு ஆகாத நிலங்களில்தான் அவை அளவுக்கு மீறிக் குவிந்திருக்கின்றன. எந்த நிலத்தை ஒதுக்கினால் யாருக்கும் வலிக்காதோ அதுவே முதலில் காப்பகமாகிறது. ஆற்றுப் படுகைகள், வளமான சமவெளிகள், பருவத்துக்குப் பருவம் பசுமை மாறும் புல்வெளிகள் ஆகியவை வெளியே நின்றுவிடுகின்றன. விலங்குகளுக்கு ஆண்டின் கடினமான மாதங்களில் தேவைப்படுவது அந்த நிலங்கள்தான். ஒரு காப்பகத்தின் தலைவிதியை அதன் உட்பகுதியைவிட அதன் விளிம்பும் விளிம்புக்கு அப்பால் நடப்பவையுமே தீர்மானிக்கின்றன என்பது என் கணிப்பு. ஆனால் காப்பக வடிவமைப்பு பற்றிய விவாதம் நெடுங்காலம் உட்பகுதியைப் பற்றியதாகவே இருந்தது.

தீவிலிருந்து வந்த விதிகள்

1967இல் சூழலியலாளர்கள் ராபர்ட் மெக்ஆர்தரும் எட்வர்ட் வில்சனும் தீவுகளின் உயிரினங்களைப் பற்றி ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். ஒரு தீவில் எத்தனை இனங்கள் இருக்கும் என்பது, புதிதாக வந்து சேரும் இனங்களுக்கும் அங்கே அற்றுப்போகும் இனங்களுக்கும் இடையிலான சமநிலை என்றார்கள். பெரிய தீவில் இனங்கள் அழிவது மெதுவாக நடக்கும். நிலப்பகுதிக்கு அருகிலுள்ள தீவுக்குப் புதியவை வருவது எளிது. பரப்பு பத்து மடங்கு கூடினால் இனங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்ற தோராயக் கணக்கும் இத்துடன் பரவியது. வில்சனும் அவருடைய மாணவர் டேனியல் சிம்பர்லாஃபும் இதைச் சோதிக்க ஒரு துணிச்சலான வேலை செய்தார்கள். புளோரிடா கரையோரத்தில் சில சிறிய அலையாத்தித் திட்டுகளைக் கூடாரத்தால் மூடி, நச்சுப்புகை செலுத்தி, பூச்சிகளையெல்லாம் அழித்தார்கள். ஏறக்குறைய ஓராண்டுக்குள் பெரும்பாலான திட்டுகளில் பழைய எண்ணிக்கைக்கு நெருக்கமாகவே இனங்கள் திரும்பின. எண்ணிக்கைதான் திரும்பியது, இனங்கள் பல வேறாக இருந்தன.

வயல்களும் நகரங்களும் சூழ்ந்த காட்டுத் துண்டும் ஒரு தீவுதானே என்ற எண்ணம் உடனே பிடித்துக்கொண்டது. 1975இல் ஜாரெட் டயமண்ட் இதைச் சில விதிகளாக வடித்தார்: காப்பகம் பெரிதாக இருக்கட்டும், வட்டத்தை ஒத்திருக்கட்டும், துண்டுகள் அருகருகே இருக்கட்டும், முடிந்தால் இணைப்பு இருக்கட்டும், பல சிறியவற்றைவிட ஒன்று பெரிதாக இருப்பது மேல். அடுத்த ஆண்டே சிம்பர்லாஃப் இந்தக் கடைசி விதியை மறுத்தார். வெவ்வேறு வாழிடங்களில் சிதறிக் கிடக்கும் பல சிறு காப்பகங்களில் மொத்தமாக அதிக இனங்கள் இருக்கலாம். ஒரே தீயோ ஒரே நோயோ எல்லாவற்றையும் அழித்துவிடாது என்பது அவர் வாதம். ஒன்று பெரிதா, பல சிறிதா என்ற இந்தச் சண்டை பத்தாண்டுக்கு மேல் நீண்டது. இரு தரப்பும் தத்தம் இனங்களைப் பொறுத்தவரை சரியாகவே பேசின. அரிய செடிகளுக்கும் பூச்சிகளுக்கும் சிறு துண்டுகள் பல இருந்தால் போதும். ஓநாய்க்கும் யானைக்கும் போதாது. உண்மையில் காப்பகம் அமைப்பவருக்கு இந்தத் தேர்வு கையில் கிடைப்பதே அரிது. எந்த நிலம் கிடைக்கிறதோ அதுதான் காப்பகம்.

தீவு உவமை ஒரு முக்கியமான இடத்தில் வழுக்கியது. கடல் தீவுக்குள் ஏறி வருவதில்லை. காட்டுத் துண்டைச் சுற்றியுள்ள நிலமோ காட்டுக்குள் ஏறி வந்துகொண்டே இருக்கிறது.

இதைக் கண்ணெதிரே காட்டியது பிரேசிலின் மனாவுஸ் நகருக்கு வடக்கே தாமஸ் லவ்ஜாய் 1979இல் தொடங்கிய ஆய்வு. நிலவுடைமையாளர்கள் தங்கள் நிலத்தில் பாதிக் காட்டை விட்டுவைக்க வேண்டும் என்று அன்றைய பிரேசில் சட்டம் சொன்னது. எந்தப் பாதி, எந்த வடிவில் என்பதை ஆய்வாளர்களோடு பேசி முடிவு செய்தார்கள். அதனால் 1, 10, 100 ஹெக்டேர் என்று அளந்து வெட்டிய துண்டுகள் கிடைத்தன. காடு அழிவதற்கு முன்பே அங்கே என்னென்ன இருந்தன என்ற கணக்கும் கையில் இருந்தது. வெட்டிய விளிம்பு வழியே வெப்பக் காற்றும் வெயிலும் உள்ளே புகுந்தன. விளிம்பிலிருந்து 100 மீட்டர் வரை மரங்கள் வழக்கத்தைவிட வேகமாகச் செத்தன, முதலில் விழுந்தவை பெரிய மரங்களே. படையெறும்புகளின் பின்னால் சென்று, அவை கலைத்துவிடும் பூச்சிகளை உண்ணும் பறவைகள் சிறு துண்டுகளிலிருந்து விரைவில் மறைந்தன. 100 ஹெக்டேர் துண்டுகளில்கூடக் கீழ்த்தளப் பறவை இனங்களில் பாதி 15 ஆண்டுகளுக்குள் போய்விடும் என்பது பின்னாளைய கணிப்பு.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்த 100 மீட்டரின் கொடுமை புரியும். சதுரமான 100 ஹெக்டேர் காடு என்றால் பக்கத்துக்கு ஒரு கிலோமீட்டர். நாலு புறமும் 100 மீட்டர் கழித்தால் பழைய காடாக மிஞ்சுவது 64 ஹெக்டேர். 10 ஹெக்டேர் சதுரத்தில் மிஞ்சுவது ஒன்றரை ஹெக்டேருக்கும் குறைவு. ஒரு ஹெக்டேரில் மிஞ்சுவது எதுவும் இல்லை. அதே 100 ஹெக்டேரை 200 மீட்டர் அகலமும் 5 கிலோமீட்டர் நீளமுமாக ஆற்றோரமாக விட்டால்? பதிவேட்டில் 100 ஹெக்டேர் காடு இருக்கும். தரையில் முழுவதும் விளிம்புதான். பரப்பளவை மட்டும் சொல்லி ஒரு காப்பகத்தைப் பற்றிப் பெருமைப்படுகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது அதன் சுற்றளவை.

விளிம்பு மரங்களோடு நிற்பதில்லை. ரோசி வுட்ராஃப், ஜாஷுவா கின்ஸ்பெர்க் இருவரும் 1998இல் பெரிய ஊனுண்ணிகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காப்பகங்களுக்குள் ஓர் இனம் அழியுமா என்பதை அதன் எண்ணிக்கையைவிட அது எவ்வளவு தூரம் அலைகிறது என்பதே நன்றாகக் காட்டியது. காரணம் எளிது. அதிகம் அலையும் விலங்கு அடிக்கடி எல்லையைத் தாண்டும். எல்லைக்கு அப்பால் மனிதர்களிடம் மாட்டிச் சாகும். காப்பகத்தின் ஓரம் இப்படி உள்ளே இருப்பவற்றை வெளியே உறிஞ்சிக் கொல்கிறது. நோய் எதிர்த்திசையில் வரும். 1994இல் தான்சானியாவின் செரெங்கெட்டி பூங்காச் சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கொன்ற நச்சுயிரி நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர். அதன்பின் காப்பகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நாய்களுக்குத் தடுப்பூசி போடும் வேலை தொடங்கியது. சிங்கத்தைக் காக்கும் வேலை ஊர்நாயிடமிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

யுனெஸ்கோ 1971இல் தொடங்கிய 'மனிதனும் உயிர்க்கோளமும்' திட்டம் இதற்கு ஒரு வடிவம் தந்தது: நடுவே தீண்டப்படாத மையப் பகுதி, அதைச் சுற்றி இடைத்தாங்கல் பகுதி, அதற்கும் வெளியே மக்கள் வாழ்ந்து உழைக்கும் பகுதி. படத்தில் அழகான மூன்று வளையங்கள். ஆனால் பல இடங்களில் இடைத்தாங்கல் பகுதிக்குத் தனிச் சட்டமோ பணமோ கிடையாது. அங்கே கல் குவாரிக்கும் விடுதிக்கும் அனுமதி தருவது வேறொரு அலுவலகம். பயிரை அழித்த விலங்குக்கான இழப்பீடு ஓராண்டு கழித்து வந்தால், அந்த வளையம் பகையாக மாறுவதற்கு அந்த ஓராண்டே போதும்.

யாருக்கான வழி?

விளிம்பைச் சமாளித்தாலும் தனிமை என்ற இன்னொரு சிக்கல் இருக்கிறது. வில்லியம் நியூமார்க் 1987இல் வட அமெரிக்க மேற்குப் பகுதியின் பூங்காக்களில், அவை அமைக்கப்பட்ட பிறகு எத்தனை பாலூட்டி இனங்கள் இல்லாமல் போயின என்று கணக்கெடுத்தார். சிறிய பூங்காக்கள் அதிகம் இழந்திருந்தன. கனடாவில் பான்ஃப், ஜாஸ்பர், கூட்னி, யோஹோ என்று ஒட்டிக் கிடக்கும் பெரும் பூங்காத் தொகுதி மட்டும் எதையும் இழக்கவில்லை. தனிமைப்பட்ட சிறு கூட்டத்துக்கு என்ன நேரும் என்பதற்கு புளோரிடாவின் பூமாக்கள் கண்கண்ட சாட்சி. 1990களின் தொடக்கத்தில் 20 முதல் 30 வரைதான் மிஞ்சியிருந்தன. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனச்சேர்க்கை நடந்ததால் வால் முறுக்கிக்கொண்ட குட்டிகள், விந்தகம் இறங்காத ஆண்கள், இதயக் கோளாறுகள். 1995இல் டெக்சஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். குட்டிகள் நலமாகப் பிறந்தன, எண்ணிக்கை மும்மடங்காயிற்று. முன்பு இந்த இரு கூட்டங்களுக்கும் இடையே பூமாக்கள் தாமாகவே நடந்து போய் வந்தன. நிலம் துண்டான பிறகு அதை லாரி செய்ய வேண்டியதாயிற்று. ஒரு தலைமுறைக்கு ஒரு விலங்கு வந்து இனப்பெருக்கத்தில் கலந்தாலே மரபணுச் சீரழிவு வெகுவாகக் குறையும் என்பது பாதுகாப்பு மரபியலின் பழைய கணக்கு. காப்பகங்களை இணைக்கும் வழித்தடம் என்பதன் குறைந்தபட்ச வேலை அந்த ஒரு விலங்கை உயிரோடு மறுபுறம் சேர்ப்பதுதான்.

வரைபடத்தில் இரண்டு பச்சைத் திட்டுகளுக்கு நடுவே ஒரு பச்சைப் பட்டையைத் தீட்டினால் வழித்தடம் ஆகிவிடும் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. எந்த விலங்குக்கு என்று சொல்லாத வழித்தடம் எந்த விலங்குக்கும் பயன்படாமல் போகக்கூடும். பனாமா கால்வாய்க்காக ஆற்றைத் தடுத்தபோது காத்தூன் ஏரி உருவானது. மலைமுகடு ஒன்று பாரோ கொலராடோ தீவாயிற்று. அந்த ஏரியில் காட்டுப் பறவைகளைப் படகிலிருந்து பறக்கவிட்டுப் பார்த்தார்கள். சில இனங்கள் 100 மீட்டர் நீர்ப்பரப்பைக்கூடக் கடக்க முடியாமல் நீரில் விழுந்தன. சிறகு இருக்கிறது, ஆனால் நிழலை விட்டு வெளியே பறந்த பழக்கமே இல்லை. அப்படிப்பட்ட பறவைக்கு ஒரு நெடுஞ்சாலையும் கடல்தான்.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் பிராங்ஹார்ன் என்ற மான் போன்ற விலங்கு ஆண்டுதோறும் 240 கிலோமீட்டருக்கும் மேல் ஒருவழியாக வலசை போகிறது. மிக வேகமாக ஓடும், ஆனால் வேலியைத் தாண்டிக் குதிப்பதில்லை; அடியில் புகுந்துதான் போகும். எனவே வேலியை அகற்றக்கூட வேண்டியதில்லை. அடிக் கம்பியை உயர்த்தி, முள் இல்லாத கம்பியாக மாற்றினாலே போதும். அவற்றின் பாதை டிராப்பர்ஸ் பாயிண்ட் என்ற இடத்தில் இரண்டு ஆறுகளுக்கு இடையே குறுகுகிறது. அங்கே கிடைத்த பிராங்ஹார்ன் எலும்புகள் 6,000 ஆண்டுகளுக்கு முன்பும் அதே வழியில் அவை போனதைக் காட்டுகின்றன. 2008இல் அந்தப் பாதையின் ஒரு பகுதியை அமெரிக்க வனத்துறை வலசைப் பாதையாக முறைப்படி அறிவித்தது. 2012இல் டிராப்பர்ஸ் பாயிண்டில் நெடுஞ்சாலைக்கு மேலே விலங்குகளுக்கான பாலம் வந்தது. அங்கே கிடைத்த பாடம் சுவையானது: திறந்தவெளியில் நாலாபுறமும் பார்த்தே பழகிய பிராங்ஹார்ன்கள் மேம்பாலத்தைத் தேர்ந்தெடுத்தன, அதே சாலையைக் கடக்கும் மியூல் மான்களோ பெரும்பாலும் சாலைக்கு அடியிலான வழியில் போயின.

கனடாவின் பான்ஃப் பூங்காவை ஊடறுத்துப் போகும் நெடுஞ்சாலையிலும் இதே கதைதான். இரு புறமும் உயரமான வேலி, 6 மேம்பாலங்கள், 38 கீழ்வழிகள். வாகனங்களில் அடிபடும் விலங்குகளின் எண்ணிக்கை 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. கிரிஸ்லி கரடி, ஓநாய், எல்க் ஆகியவை அகலமான, வெளிச்சமான வழிகளை விரும்பின. கருங்கரடியும் பூமாவும் குறுகலான, மறைவான வழிகளை நாடின. ஒரே வகைப் பாலத்தை வரிசையாகக் கட்டியிருந்தால் பாதி விலங்குகள் வேலியோரம் நின்றிருக்கும். கிரிஸ்லிகள் பாலங்களுக்குப் பழகச் சில ஆண்டுகள் ஆயின. கட்டி முடித்த மறுவருடமே கேமராப் பதிவுகளைப் பார்த்து 'தோல்வி' என்று எழுதியிருந்தால் அது தவறான தீர்ப்பாகியிருக்கும். வேலியில்லாத பாலமும் வீண். விலங்கு பாலத்தை நோக்கித் திருப்பப்பட வேண்டும்.

போட்ஸ்வானாவில் மாட்டு நோய்களைத் தடுக்க 1968இல் போட்ட வேலி ஒன்று, ஒகவாங்கோ கழிமுகத்துக்கும் மக்கடிக்கடி புல்வெளிக்கும் நடுவே வரிக்குதிரைகள் போய்வந்த வழியை அடைத்தது. 2004 வாக்கில் வேலி அகற்றப்பட்டது. சில ஆண்டுகளுக்குள், ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை மாட்டிய வரிக்குதிரைகள் அதே வழியில் நடந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். பழைய வழியை அறிந்த ஒரு வரிக்குதிரைகூட அதற்குள் உயிரோடு இருந்திருக்காது. எல்லா விலங்குகளும் இவ்வளவு எளிதில் மீள்வதில்லை. புதிய இடத்தில் கொண்டுபோய் விட்ட பெருங்கொம்பு ஆடுகள் வலசை போகக் கற்றுக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆனதாக 2018இல் வந்த ஆய்வு சொல்கிறது. அந்த அறிவு தாயிடமிருந்து குட்டிக்கு வருவது. சங்கிலி அறுந்தால் வழியைத் திறந்துவிட்டாலும் நடப்பதற்கு ஆள் இல்லை.

வழித்தடத்தின் பெருந்தலைவலி உயிரியலைவிட உரிமையில்தான் இருக்கிறது. காப்பகம் பெரும்பாலும் அரசு நிலம். வழித்தடமோ தனியார் தோட்டம், ஊர்ப் பொதுநிலம், குத்தகை நிலம், ரயில்பாதை என்று ஐம்பது கைகளில் இருக்கும். 40 கிலோமீட்டர் வழித்தடத்தில் 39 கிலோமீட்டரைக் காத்து, மிச்சம் ஒரு கிலோமீட்டரில் வீட்டுமனை போட்டால் முழு முதலீடும் போயிற்று. அந்த ஒரு கிலோமீட்டரின் உரிமையாளருக்கு அது தெரியும். விலையும் அதற்கேற்ப ஏறும். எனவே குறுகலான இடங்களை முதலில், சத்தமில்லாமல், வாங்கியோ உடன்படிக்கை செய்தோ உறுதிப்படுத்திவிட்டு மற்றவற்றுக்குப் போவதே புத்திசாலித்தனம். நடப்பதோ தலைகீழ். முதலில் அறிவிப்பு, பிறகு நில விலை உயர்வு, பிறகு வழக்கு. எல்லாவற்றையும் வாங்கவும் வேண்டியதில்லை. கோஸ்டாரிகா 1996ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் கீழ், காட்டை விட்டுவைக்கும் நிலவுடைமையாளர்களுக்கு எரிபொருள் வரியிலிருந்து பணம் கொடுத்து வருகிறது. நிழல் மரங்கள் அடர்ந்த தோட்டம் ஒரு பறவைக்கு நல்ல வழித்தடம். அதை 'காடு அல்ல' என்று கழித்துவிடும் அதிகாரிதான் இடையூறு.

வழித்தடங்கள் தீயையும் நோயையும் அந்நியக் களைகளையும் கொண்டுவராதா என்ற ஐயம் 1980களிலேயே எழுந்தது. நியாயமான ஐயம்தான். ஆனால் தென் கரோலினாவின் சவானா ஆற்றுப் பகுதியில், 25 மீட்டர் அகலப் பட்டைகளால் இணைத்த திறந்தவெளித் துண்டுகளையும் இணைக்காதவற்றையும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஒப்பிட்டதில், இணைந்தவற்றில் தாவர இனங்கள் சுமார் 14 விழுக்காடு அதிகமாக இருந்தன. அந்தப் பயன் காலப்போக்கில் தேயவும் இல்லை.

தடைக்குப் பிறகு

காப்பகத்தை அறிவித்துவிட்டு ஆட்களை வெளியேற்றினால் இயற்கை தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்குப் பெரிய அடி விழுந்தது ராஜஸ்தானின் கேவலாதேவ் பறவைக் காப்பகத்தில். 29 சதுர கிலோமீட்டர் சதுப்புநிலம். வாத்து வேட்டைக்காக மன்னர்கள் உருவாக்கியது. தேசியப் பூங்காவானதும், 1982இல் மேய்ச்சலுக்குத் தடை வந்தது. சுற்றியுள்ள ஊரார் எதிர்த்தார்கள். துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. எருமைகள் வெளியேறியதும் நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியது, பறவைகளுக்கு இடம் சுருங்கியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நடத்திய நீண்ட ஆய்வு, அந்த நிலத்துக்கு மேய்ச்சல் தேவைப்பட்டது என்ற முடிவுக்கு வந்தது. மேய்ச்சல் எங்கும் நல்லது என்று இதற்குப் பொருள் இல்லை. எந்த நிலத்தை எது அப்படி வைத்திருக்கிறது என்று அறியாமல் போடும் தடை அந்த நிலத்தையே மாற்றிவிடும். தீயும் அப்படித்தான். பல பத்தாண்டுகள் ஒவ்வொரு தீயையும் அணைத்த காடுகளில் எரிபொருள் சேர்ந்துகொண்டே போகிறது.

2022 டிசம்பரில் மான்ட்ரியலில் நாடுகள் ஏற்றுக்கொண்ட இலக்கு, 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாப்பது. அந்த வாசகத்தில் 'நன்கு இணைக்கப்பட்ட' என்பதும் இருக்கிறது. ஆனால் செய்திகளில் வருவது விழுக்காடு மட்டுமே. பனிப்பாறையையும் பாலைவனத்தையும் சேர்த்தே 30ஐ எட்டிவிட முடியும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் வேறு வழியில் போனார்கள். முழுப்பரப்பையும் வாழிடமும் உயிரினங்களும் வேறுபடும் 70 உயிர்ப்புலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 விழுக்காட்டில் மீன்பிடிக்கக் கூடாது என்று விதித்து, அந்த நிபந்தனைகளுக்குள் கணினி உதவியோடு எல்லைகளைத் தேர்ந்தார்கள். 2004இல் மீன்பிடி இல்லாப் பகுதி 5 விழுக்காட்டுக்கும் குறைவிலிருந்து சுமார் 33 விழுக்காடாக உயர்ந்தது. எஞ்சிய இடத்தைக் காப்பகமாக்காமல், ஏற்கெனவே உள்ள காப்பகங்களில் எது இல்லையோ அதைத் தேடிச் சேர்ப்பதே இந்த முறையின் அடிப்படை.

பருவநிலை மாறும்போது இனங்கள் குளிர்ந்த இடம் தேடி மேலே ஏறுகின்றன, எல்லைக்கோடு ஏறுவதில்லை. கோஸ்டாரிகா 1986இல் பிராவுலியோ கரீயோ பூங்காவை லா செல்வா தாழ்நிலக் காடு வரை நீட்டியபோது, கடல்மட்டத்தை ஒட்டிய காட்டிலிருந்து 2,900 மீட்டர் மலை வரை அறுபடாத காட்டுச் சரிவு உறுதியாயிற்று. பருவந்தோறும் மலையேறி இறங்கும் பறவைகளுக்காகப் போட்ட திட்டம் அது. இன்று இன்னும் பெரிய பயணத்துக்கும் உதவுகிறது. கிடைமட்டமாக 100 கிலோமீட்டர் வழித்தடம் அமைப்பதைவிட, இப்படி ஒரு சரிவை முழுதாகச் சேர்ப்பது பல இடங்களில் மலிவாகவும் விரைவாகவும் முடியும்.

வழித்தடம் வேலை செய்கிறதா என்பதை எப்படி அறிவது? கேமராவில் ஒரு விலங்கு பாலத்தைக் கடந்தது பதிவானால் படத்தைப் பத்திரிகைக்கு அனுப்பிவிடுகிறார்கள். கடந்ததா என்பதோடு, மறுபுறம் போய்க் குட்டி போட்டதா என்பதையும் கேட்க வேண்டும். பான்ஃபில் முள்கம்பியில் சிக்கிய கரடி முடிகளைச் சேகரித்து மரபணுவைப் பார்த்தார்கள். பாலங்களையும் கீழ்வழிகளையும் பயன்படுத்திய கிரிஸ்லிகளில் கால்பங்குக்கும் மேல், கருங்கரடிகளில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, இனப்பெருக்கமும் செய்திருந்தன. அந்தச் சாலையால் இரு புறக் கரடிகளும் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்துவிடவில்லை என்று அதன் பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடிந்தது. அதற்கு 1996 முதல் இடைவிடாத கண்காணிப்பு தேவைப்பட்டது. பெரும்பாலான வழித்தடத் திட்டங்களில் பாலத்துக்குப் பணம் இருக்கிறது. அதன் பிறகான இருபது ஆண்டு முடி சேகரிப்புக்கு இல்லை.